‘விஷம்’ என்று எழுதாத டாக்டர்

என்னைப் பற்றி நம் இலாகாவில் ஒரு கேலி உண்டு. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் காதுக்கும் வந்திருக்கும். ‘அந்த மனுஷன் முப்பத்து மூன்று வருஷம் மாட்டுக்கு சர்டிபிகேட் எழுதினார், ஒன்றில்கூட விஷம் என்ற வார்த்தை கிடையாது. பாம்பு கடித்துச் செத்த எருமைக்கும் தீனி ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எழுதுவார்’ என்பார்கள். எருமைக் கதை பொய். மற்றது நிஜம்.

ஊசி எப்படிப் போடுவது, கன்று குறுக்கே நின்றால் எப்படித் திருப்புவது என்பதையெல்லாம் சொல்லித்தர இங்கே கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அதற்கு நான் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி, ஒரு குற்றமும் செய்யாத மனிதனை லாக்கப்பில் உட்கார வைத்தேன். அதை மட்டும் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், நானே இப்போது சிரிக்கிறேன்.

ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போயிருந்தது. ஆனால் எல்லையில் இருக்கும் எந்த ஊர் எங்கே நிற்கும் என்பது மட்டும் தீரவில்லை. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே ஒரு சின்ன ஊரின் மாட்டாஸ்பத்திரியில் எனக்கு முதல் வேலை. நான் சித்தூர் டவுனில் பிறந்தவன், வாத்தியார் வீட்டுப் பிள்ளை. படிக்கப் போகும்வரை மாட்டை நான் காபியில்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் தமிழ் வீடும் தெலுங்கு வீடும் ஒரே கிணற்றில் நீர் இறைத்துப் பல தலைமுறை. எல்லைப் பேச்சு வந்ததும் ஆளுக்கொரு மனு புறப்பட்டது. இவர்கள் ‘மெட்ராசோடு சேர்’ என்று கையெழுத்து வாங்க, அவர்கள் ‘இங்கேயே இருக்க விடு’ என்று கையெழுத்து வாங்க, அடுத்தடுத்த வயல்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அப்படி நிறுத்திக்கொண்டவர்களில் இரண்டு பேர்தான் இந்தக் கதைக்கு வேண்டும். ஒருவர் முனுசாமி, தமிழர். பக்கத்து வயல்காரர் வெங்கடப்பா, தெலுங்கர். இரண்டு பேருக்கும் இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. சண்டை வந்தால் முனுசாமி தெலுங்கில் திட்டுவார், வெங்கடப்பா தமிழில் திட்டுவார். எதிராளிக்கு உறைக்க வேண்டுமே.

அந்த வருஷம் மழை தவறி, சோளம் அரைகுறையாக விளைந்து அறுப்பு முடிந்திருந்தது. பிறகு திடீரென்று ஒரு நல்ல மழை. நாலைந்து நாள் கழித்து ஒரு காலை, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். முனுசாமியின் உழவு மாடு ஒன்று விழுந்துவிட்டது, இன்னொன்று தள்ளாடுகிறது என்றார்.

நான் போனபோது ஒன்று செத்துக் கிடந்தது. ஜோடி மாடு நின்றபடி நடுங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து அப்படி மூச்சு வாங்கியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு செம்பருத்திப் பூவாகச் சிவந்திருந்தது. கழுத்து நரம்பில் ஊசி குத்தினேன். கறுத்து வரவேண்டிய இரத்தம் பளபளவென்று வந்தது. மூச்சில் லேசாகக் கசந்த பாதாம் வாசனை. பத்து நிமிஷத்தில் அதுவும் முழங்கால் மடித்து விழுந்து போய்விட்டது.

முனுசாமி தலைத்துண்டை அவிழ்த்துப் போட்டார். செத்த மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மழை பெய்து மண் பதமாக இருக்கிறது, ஏர் பூட்ட வேண்டிய வாரம். ஜோடி போனால் அந்த வருஷமே போனது.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வெட்கத்தோடு சொல்கிறேன். சிவந்த இரத்தம், கசந்த பாதாம். சயனைடு என்று புத்தகத்தில் ஒரே ஒரு பாரா படித்திருந்தேன், அது அப்படியே கண் முன்னால் நின்றது. இருந்தாலும் கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

“மாட்டுக்கு என்ன போட்டீங்க?”

“எப்பவும் போடற காஞ்ச தட்டைதான் சார். போர்ல உருவிப் போடறதுதான்” என்றார் முனுசாமி.

தட்டை என்றால் சோளத்தின் காய்ந்த தாள். காய்ந்த தாளில் சயனைடு இருக்காது. அப்படியானால் வெளியிலிருந்து வந்திருக்கவேண்டும். நாற்பது பேர் சுற்றி நிற்க, பரீட்சையில் பதில் சொல்கிறவன் போல நிமிர்ந்து சொன்னேன்:

“இது விஷம். சந்தேகமே இல்லை.”

கூட்டத்தில் ஒருவர் கேட்டார். “தண்ணி எங்க குடிச்சுது?”

“எப்பவும் போல வரப்புக்கு அந்தாண்ட, அந்தாளு தொட்டியில” என்றார் முனுசாமி.

எல்லாத் தலையும் வெங்கடப்பாவின் கிணற்றடித் தொட்டிப் பக்கம் திரும்பியது. நான் பையை மூடினேன். மாட்டின் வயிற்றைத் திறந்து பார்க்கவில்லை. உச்சி வெயில், திருப்பதியில் தைத்த புதுக் கால்சட்டை, அதைவிடப் பெரிய காரணம், எனக்குத்தான் சந்தேகமே இல்லையே. சைக்கிளில் திரும்பும்போது சீட்டியடித்துக்கொண்டு வந்தேன் என்று நினைக்கிறேன்.

நீங்கள் புத்திசாலிகள், ‘சயனைடு விஷம்தானே, டாக்டர் சொன்னது சரிதானே’ என்பீர்கள். புத்தகத்தில் சரி. ஊரில் விஷம் தானாக இருக்காது, அதை ஒருத்தன் வைக்கவேண்டும். ‘வெசம்’ என்று நீங்கள் சொன்னால், கேட்கிறவன் ‘வெச்சது யாரு’ என்று அடுத்த வார்த்தையை அவனே சேர்த்துக்கொள்வான். நான் நோயின் பெயரைச் சொன்னதாக நினைத்தேன். அவர்கள் ஒரு ஆளின் பெயரைக் கேட்டார்கள்.

மறுநாள் காலை ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, சாவகாசமாகச் சொன்னார்.

“ஒரே ஒரு வரி சார். மாடு வெசத்தால செத்துதுன்னு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா மத்தியானம் அந்தாள சித்தூர் கோர்ட்டுக்கு அனுப்பிடுவேன்.”

“எந்த ஆளை?”

“வெங்கடப்பாவ. நேத்து சாயந்திரமே புடிச்சி உள்ள வெச்சிட்டோம். தொட்டியில கலந்திருக்கான். வாயத் தொறக்க மாட்டேங்கறான். நீங்கதான் சார் கரெக்டா சொன்னீங்களாமே.”

நான் பேனாவை எடுத்துவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன். என் வார்த்தை சட்டமாகிறது என்ற மிதப்பு போகவில்லை. அப்போது எங்கள் காம்பவுண்டர் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். ரேணிகுண்டாவிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர், என்னைவிட நாலு வயசுதான் பெரியவர், வாய் மட்டும் நாற்பது வயசு பெரியது. திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார்.

“வயித்துல இன்னா இருந்துச்சி சார்?”

“பார்க்கலை.”

“ஓ” என்றார். அவ்வளவுதான். அடுத்த பாட்டிலை எடுத்தார்.

அந்த ‘ஓ’வில் என் காது சுட்டது. பேனாவை மூடினேன். நேரில் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றேன். ஏட்டுக்குப் பிடிக்கவில்லை. “மத்தியானம் வண்டிக்குள்ள சொல்லுங்க சார்” என்று கூடவே கிளம்பினார். காம்பவுண்டரும் சைக்கிளில் பின்னால் வந்தார்.

மாடுகள் இல்லை. தோல் உரிக்கிறவர்கள் முந்தின சாயங்காலமே எடுத்துப் போய்விட்டார்கள். வயிற்றில் என்ன இருந்தது என்று இனி யாரும் சொல்லமுடியாது. தொழுவத்துத் தீனித் தொட்டி பெருக்கிக் கழுவிக் கிடந்தது. சரி, தட்டைப் போரையாவது பார்ப்போம் என்று பின்பக்கம் போனேன். போர் இருந்த இடத்தில் கோழி கிளறிக்கொண்டிருந்தது. அடித்தட்டு கூளம் தவிர ஒரு தாள் இல்லை. முனுசாமி சொன்ன காய்ந்த தட்டை தீர்ந்து பல நாள் ஆகியிருக்கவேண்டும்.

“முனுசாமி, நேத்து காலையில மாட்டுக்கு யார் தீனி போட்டது?”

“நான் ஊர்ல இல்ல சார். மனு விஷயமா மூணு நாளு சித்தூர்ல இருந்தேன். நேத்து மாடு வுழறப்பதான் வந்தேன். வூட்லதான் போட்டிருப்பாங்க.”

மாட்டுக்கு என்ன போட்டாய் என்று, மாட்டுக்குப் போடாத ஆளிடம் கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். இதற்குப் பெயர் விசாரணை.

முனுசாமியின் மனைவி தேசம்மா கதவோரம் நின்றிருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர்கள் சொந்தத்திலேயே நகரியில் தறி போடும் வீட்டுப் பெண். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் அவள் கையைப் பார்த்தேன். நூல் இழைத்துப் பழகிய மெல்லிய விரல்கள். உள்ளங்கை முழுக்க, விரல் இடுக்கில் எல்லாம், மயிரிழையாகச் சிவப்புக் கீறல்கள். பச்சைச் சோளத் தோகையின் ஓரம் ரம்பம் போல இருக்கும். பழகின கை அதை ஒதுக்கிப் பிடிக்கும், பழகாத கை கீறிக்கொள்ளும்.

வீட்டுக்குப் பின்னால் முனுசாமியின் வயல். அறுத்த சோளக் கட்டையிலிருந்து மழைக்குப் பிறகு மறுதாம்பு முழங்கால் உயரம் துளிர்த்திருந்தது. ஓரத்தில் ஒரு கட்டு அளவு புதிதாக அறுத்த அடையாளம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மழையில்லாமல் வாடிய சோளம், மழைக்குப் பிறகு அவசரமாகத் துளிர்க்கும்போது, அந்தத் துளிரில் சயனைடு ஏறிக்கொள்ளும். அந்த ஊரில் ஏர் பிடிக்கிற வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும், மறுதாம்பைத் தலைதூக்க விட்டு, கதிர் வந்தபிறகுதான் மாட்டுக்குப் போடுவார்கள் என்று. எல்லாருக்கும் தெரிந்த சங்கதியை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. தறி வீட்டிலிருந்து வந்த பெண்ணுக்கும் யாரும் சொல்லவில்லை.

என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முந்தின நாள் மாதிரியே கூட்டம் சேர்ந்திருந்தது. ‘உன் பெண்டாட்டி போட்ட தீனிதானய்யா’ என்று ஒரு வரி சொன்னால் போதும், வெங்கடப்பா வெளியே வந்துவிடுவார். அவர் இடத்தில் இந்தப் பெண் நிற்பாள். வந்த ஒரு வருஷத்தில் வீட்டு எருதுகளைக் கொன்றவள் என்று அவள் தலை நரைக்கும்வரை சொல்வார்கள். என் வேலையில் நான் முதல்முறையாக வாயை மூடியது அந்த இடத்தில்தான்.

காம்பவுண்டரைத் தனியே கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் தீப்புண்ணுக்குப் போடும் பிக்ரிக் ஆசிட் இருந்தது. அதையும் சலவை சோடாவையும் கரைத்து, மை ஒற்றும் காகிதத்தை நனைத்தால் மஞ்சளாக இருக்கும். சயனைடு ஆவி பட்டால் செங்கல் நிறமாக மாறும். “அப்படி நனைச்ச காகிதம் கொண்டாங்க. அப்படியே ரெண்டு வயல்லயும் மறுதாம்பு ஒவ்வொரு பிடி அறுத்துக்கினு வாங்க. எது யாரோடதுன்னு யார்கிட்டயும் சொல்லவேணாம்” என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். “இப்பதான் சார் டாக்டரு மாதிரி பேசறீங்க” என்று சைக்கிளை எடுத்தார்.

ஏட்டிடம் வெங்கடப்பாவை அழைத்துவரச் சொன்னேன். தொட்டி அவருடையது, சோதனை அவர் முன்னால் நடக்கவேண்டும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஆள் அனுப்பினார். இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் வெங்கடப்பா வந்து, தன் கிணற்றடியில் வேற்றாள் மாதிரி நின்றார். ஐம்பது வயசு மனிதர். ஒரு நாளில் முகம் வற்றியிருந்தது.

மூன்று வாய்குறுகிய பாட்டில்கள். ஒன்றில் தொட்டித் தண்ணீர். அதில் விஷ உப்பு எதுவும் கரைந்திருந்தால் ஆவி கிளம்பட்டும் என்று எலுமிச்சம்பழம் பிழிந்தேன். மற்ற இரண்டில் இரண்டு வயல் மறுதாம்பை நசுக்கிப் போட்டேன். மூன்றிலும் மஞ்சள் காகிதத்தைத் தொங்கவிட்டு, தக்கையால் அடைத்து வெயிலில் வைத்தேன்.

காத்திருக்கும் நேரத்தில் ஏட்டு கேட்டார். “எனக்கு ஒண்ணு புரியல சார். மாடு நல்லா மூச்சு உட்டுக்கினு இருந்துச்சிங்கறாங்க. ரத்தமும் செவப்பா இருந்துச்சிங்கறீங்க. அப்புறம் எப்பிடி செத்துச்சி?”

நல்ல கேள்வி. என் புரொபசர்கள் கேட்காத கேள்வி. “உடம்புல எள்ளு அளவு சதையிலயும் கண்ணுக்குத் தெரியாத அடுப்பு ஆயிரக்கணக்குல எரியுதுங்க” என்றேன். “தீனிதான் வெறகு. மூச்சுக் காத்த ரத்தம் சுமந்துக்கினு வந்து ஒவ்வொரு அடுப்புக்கும் குடுக்கும். இந்தத் துளிருல இருக்கறது நேரா போய் அடுப்பு வாயில ஒக்காந்துக்கும். வெறகு இருக்கு, காத்து இருக்கு, ஆனா அடுப்பு எரியாது. குடுத்த காத்த வாங்க ஆளில்லாம ரத்தம் அப்படியே திருப்பி எடுத்துக்கினு வரும். அதான் அவ்ளோ செவப்பு.”

“அப்ப பக்கத்துலயே சோறு வெச்சிக்கினு பட்டினி கெடந்து சாவற மாதிரி” என்றார் ஏட்டு. அதைவிடத் தெளிவாக இன்றுவரை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

அந்த அடுப்புக்குப் பெயர் மைட்டோகாண்ட்ரியா. நீங்கள் பரீட்சையில் ‘செல்லின் சக்தி நிலையம்’ என்று எழுதி மார்க் வாங்கியிருப்பீர்கள். எனக்கு அன்றைக்கு அந்தப் பேர்கூடச் சரியாகத் தெரியாது. ஆக்சிஜனைக் கடைசியாக வாங்கிக்கொள்ளும் சைட்டோக்ரோம் என்று ஒன்று உண்டு, சயனைடு அதைக் கவ்விக்கொள்ளும் என்ற ஒரு பாராதான் என் ஆஸ்தி. பிறகு திருப்பதியில் பாடம் எடுக்க என்னைப் போட்டபோது அடுப்பை எரியவைக்கும் அந்த ரசாயனச் சங்கிலி முழுவதையும் படித்தேன். ஒவ்வொரு கண்ணியாகப் படிக்கும்போதும் அந்தச் செம்பருத்தி ஈறுதான் நினைவுக்கு வந்தது. அதற்கு மாற்றுமருந்து நரம்பில் ஏற்றும் ஹைப்போ என்பதும் அந்தப் பாராவிலேயே கடைசி வரி. போட்டோ கழுவ அதே ஹைப்போ நகரி ஸ்டுடியோவில் டின் டின்னாக இருந்தது. அது எனக்கு உறைத்தது இரண்டாவது மாடு செத்து ஒரு வாரம் கழித்து. அதற்கப்புறம் நான் வேலை பார்த்த எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்துத் தரமான ஹைப்போ இல்லாமல் இருந்ததில்லை.

பாட்டிலுக்கு வருகிறேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஆண்கள் எல்லாம் ஒன்றும் நடக்கவில்லை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது.

“காவி ஏறுது.”

தேசம்மா. சாயம் ஏறுவதை நூலில் பார்த்துப் பழகிய கண். எங்களுக்கெல்லாம் இன்னும் மஞ்சளாகத் தெரிந்த காகிதத்தின் விளிம்பில் அவளுக்கு மாற்றம் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு மறுதாம்பு பாட்டில்களிலும் காகிதம் ஆரஞ்சாகி, செங்கல்லாகிவிட்டது. தொட்டித் தண்ணீர்க் காகிதம் வைத்த மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

“தொட்டியில ஒண்ணுமில்ல. ரெண்டு வயல் மறுதாம்புலயும் இருக்கு. இவரு வெசம் வெக்கல. நேத்து நான் அந்த வார்த்தைய சொல்லியிருக்கக்கூடாது. தப்பு என்னுது” என்றேன். நாற்பது பேருக்கு முன்னால் சொன்னதை அதே நாற்பது பேருக்கு முன்னால்தான் திரும்ப வாங்கவேண்டும், தனியாக ஏட்டின் காதில் சொன்னால் போதாது. அப்படிச் சொன்னபோது மானம் போனது. செத்துவிடவில்லை.

ஏட்டு கான்ஸ்டபிளைப் பார்த்துத் தலையசைத்தார், கையை விட்டார்கள். ஆனால் ஏட்டின் மூளை ஓயவில்லை. “அப்ப இத அறுத்து மாட்டுக்குப் போட்டது யாரு?”

நான் அதற்குத் தயாராக வந்திருந்தேன். “மழை பேஞ்சா தானா தழையறதுதானே, மாடே மேஞ்சிருக்கும்...” என்று ஆரம்பித்தேன். டாக்டர் பொய் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். சொல்லி முடிக்க விட்டால்தானே.

“நான்தான் போட்டேன்” என்றாள் தேசம்மா.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் பெண்கள் கூட்டத்திலிருந்து முன்னால் வந்திருந்தாள்.

“போர்ல தட்டை இல்ல. தட்டை வாங்கிப் போடுன்னு மூணு தரம் சொன்னேன். சித்தூர் போயிட்டு வந்து பாக்கறேன்னாரு. மாடு ரெண்டும் கத்திக்கினு நின்னுச்சி. பச்சையா இருக்குதே, ஆசையா துன்னும்னு அறுத்தாந்து போட்டேன். எங்க நைனா வூட்ல தறிதான். இது ஆவாதுன்னு எனக்கு யாரும் சொல்லல. நேத்து இவர புடிச்சிக்கினு போனாங்க. பயந்துக்கினு சொல்லாம உட்டுட்டேன். ராவெல்லாம் தூங்கல.”

“இதுகூடத் தெரியாத ஒருத்தியா” என்று கூட்டத்தில் ஒரு கிழவி ஆரம்பித்தாள். முனுசாமி இரண்டே எட்டில் மனைவி முன்னால் வந்து கையை ஓங்கிவிட்டார்.

நடுவில் வந்து நின்றது வெங்கடப்பா.

“ஆகு, நில்லு முனுசாமி. நேனு சூசேனு. பாத்தேன்” என்றார். ஒரு நாள் முழுக்கத் திறக்காத வாய். “பொண்ணு கட்டு கட்டி தலையில வெச்சிக்கினு போச்சி. வரப்புல நின்னுக்கினு பாத்தேன். மறுதாம்பும்மா, போடாதன்னு ஒரு வார்த்த கூவியிருந்தா உன் எருதுங்க இன்னிக்கு நிக்கும். உன் வூட்டோட பேசறதில்லன்னு வாய மூடிக்கினு வந்துட்டேன்.”

ஏட்டு வெங்கடப்பா பக்கம் திரும்பினார். “ஏன்யா, இத ஸ்டேஷன்ல சொல்லியிருந்தா நேத்தே வூட்டுக்கு போயிருப்பியே.”

“சொன்னா இந்தப் பொண்ண ஊர்ல வாழ உடுவாங்களா? ஒரு வார்த்த சொல்ல வேண்டிய எடத்துல சொல்லாததுக்கு ஒரு நாளு உள்ள கெடந்தா தப்பில்ல சார்.”

முனுசாமியின் கை தானாக இறங்கியது. அங்கேயே தரையில் உட்கார்ந்தார். “நான் ஊர்ல இல்ல” என்றார். இன்னொரு தடவையும் அதையே சொன்னார். அப்புறம் அழுதார். மாடு செத்தபோது அழாத மனிதர்.

வெங்கடப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். நாலு அடி போய், திரும்பாமலே சொன்னார். “மண்ணு காயறதுக்குள்ள என் ஜோடிய ஓட்டிக்கினு போ. எல்லை எங்க வந்தாலும் நெலம் இங்கதான இருக்கும்.”

“சரிங்க மாமா” என்று பதில் சொன்னது தேசம்மா.

ஏட்டு கொடுத்த தாளில் நான் எழுதினேன்: ‘வறட்சிக்குப் பின் பெய்த மழையில் துளிர்த்த சோள மறுதாம்பைத் தின்றதால் மாடுகள் இறந்தன. இதில் யாருடைய குற்றமும் இல்லை.’ ஏட்டு இரண்டாவது வரியைத் தட்டிக் காட்டி, “இது டாக்டரு எழுதற வரியா சார்?” என்றார். “நேற்று நான் சொன்னதும் டாக்டர் சொல்லுகிற வரி இல்லை, அதற்கு இது சரியாகப் போயிற்று” என்றேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

காரணம் வேறு, குற்றம் வேறு. நீங்கள் கண்டுபிடிப்பது காரணம். உங்கள் வாயிலிருந்து வெளியே விழும்போது அது குற்றமாகிவிடும், ஜாக்கிரதை. இந்த அடுப்புகள் விஷயத்தில் அது இன்னும் மோசம். விஷமே இல்லாமல், பிறவியிலேயே அடுப்பு மந்தமாக இருக்கும் நோய்கள் உண்டு என்று பின்னாளில் படித்தேன். மூளை, இருதயம், தசை என்று விறகு அதிகம் கேட்கும் இடங்கள்தான் அதில் முதலில் சோரும். மைட்டோகாண்ட்ரியா நமக்குத் தாயிடமிருந்து மட்டும்தான் வருகிறது, அதனால் அந்த நோய்களில் சில தாய்வழியாக வரும். மனிதருக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டர் நண்பர் அப்படி ஒரு குழந்தையைப் பார்த்துவிட்டு, வீட்டாரிடம் என்ன சொல்வது என்று என்னிடம் கேட்டார். தேசம்மா கதையைச் சொன்னேன். அவர் அந்த வீட்டில் அம்மாவைத்தான் முதலில் தனியாகக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, இதில் அவள் செய்தது ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களை உள்ளே விட்டாராம். நான் சந்தோஷப்பட்டேன்.

ஒரு வாரம் கழித்து அந்த வழியாகச் சைக்கிளில் போனேன். முனுசாமி வெங்கடப்பாவின் எருதுகளைப் பூட்டி உழுதுகொண்டிருந்தார். இரண்டு பேரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை, மனு சண்டை அப்படியேதான் இருந்தது. மாடு மட்டும் வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. தேசம்மா கையில் துணி சுற்றிக்கொண்டு மறுதாம்பு முழுவதையும் அறுத்து, களத்தில் பரப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அரிவாளோடு ரோட்டுக்கே வந்துவிட்டாள்.

“சார், நல்லா காஞ்சிட்டா அது போயிடும்னு சொன்னீங்களாமே. எத்தினி நாளு காயணும்?”

நான் என்னுடைய பழைய தோரணையில், வெயில் இப்படியே அடித்தால் பத்து நாள் போதும், சந்தேகமே இல்லை என்றேன்.

அவள் அரிவாளை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு கையை நீட்டினாள்.

“அந்த மஞ்சக் காயிதம் நாலு குடுத்துட்டுப் போங்க சார்” என்றாள். “செவக்கலன்னு நானே பாத்துட்டுப் போட்டுக்கறேன்.”